கசிவு நின்ற இடம்

“அதுவா நின்னுடுச்சுங்க மேடம்.”

“எது?”

“கசிவுதான். போன வருஷம் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டிட்டுப் போனீங்களே, அந்த இடம். இப்ப சொட்டுத் தண்ணி கிடையாது. மிதிச்சுப் பாருங்க, புழுதி பறக்கும்.”

“மண்கரையில கசிவு அதுவா நிக்காது, அன்பரசன். யாராவது நிறுத்தியிருக்கணும்.”

“அப்ப சாமி நிறுத்துச்சுன்னு வச்சுக்குங்க. சாமிக்கும் படகு போகணும்னு ஆசை இருக்காதா என்ன?”

சொன்னதற்கு அவனே சிரித்துக்கொண்டான். ஷோபனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கரையின் வெளிச்சரிவில், அடிவாரத்துக்கு ஒரு முழம் மேலே, வெயிலில் வெளுத்துப்போன துணியோடு அவள் நட்ட குச்சி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் மண் உலர்ந்து, பாளம் பாளமாக வெடித்து, உண்மையிலேயே புழுதியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோரை இடுப்புயரம் மண்டிக் கிடக்க, இந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை. நல்ல செய்தி ஒன்றைக் கண்ணால் பார்த்தும் நம்ப மனம் வராமல் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

பட்டுக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய குட்டை ஒன்றைச் சுற்றி மண்ணைக் கொட்டி உயர்த்தி, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ராம்கி என்பவர் உண்டாக்கிய படகுக்குளம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அன்னப்பறவைப் படகில் சுற்றிவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டுப் போவார்கள். அன்பரசன் அங்கே மேலாளர். ஷோபனா அரசாங்கத்து உதவிப் பொறியாளர்; மழைக்கு முன்னால் இம்மாதிரிக் கரைகளை நடந்து பார்த்து, தண்ணீர் நிற்கலாமா, இறக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டியது அவள். கரையின் மறுபக்கம், குளத்துத் தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் கீழே, புதுத்தெரு இருந்தது. ஓட்டு வீடுகள், அவற்றின் வாசலில் கட்டிய ஆடுகள், கொடியில் காயும் பள்ளிச் சீருடைகள். கரை ஓர் இரவில் வாய் திறந்தால், தெருவில் யாரும் விழித்து எழுவதற்குள் தண்ணீர் அவர்களுடைய பாயைத் தொட்டுவிடும். கடலில் காற்றழுத்தம் உண்டாகியிருப்பதாகக் காலையிலிருந்தே செல்போன் சொல்லிக்கொண்டிருந்தது.

கசிவுகளில் இரண்டு வகை உண்டு. தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. கரைக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கல் வந்தால் உள்ளேயிருந்து கரை கரைகிறது என்று பொருள். போன வருஷம் இதே இடத்தில் வந்தது கலங்கல். குளத்தைப் பாதியாக இறக்கச் சொல்லிவிட்டுப் போனாள். இறக்கவில்லை என்பதைச் சரிவில் பாசி படிந்த கோடே இப்போது சொன்னது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குச்சிக்குப் பக்கத்தில் வளை ஒன்று, கை நுழையும் அளவுக்கு. எலி வளையின் வாயில் மண் உதிர்ந்து கிடக்கும், நண்டு வளையின் வாயில் உருண்டை உருண்டையாகச் சேறு கிடக்கும். இதன் வாயில் எதுவும் இல்லை. நெடுநாள் ஏதோ உரசி உரசிப் பழகியதுபோல ஓரங்கள் வழவழப்பாக இருந்தன. வாயருகில் ஒரு காய்ந்த பூவரச இலை கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. நின்றது. பிறகு அதே நிதானத்தில் வெளியே வந்தது.

தென்னை ஓலை ஒன்றுகூட ஆடவில்லை.

மறுபடியும் உள்ளே. மறுபடியும் வெளியே.

கரையில் உள்ளங்கையை வைத்தாள். மேகம் மூடிய ஐப்பசி நாள். காலையிலிருந்து தொட்ட மண்ணெல்லாம் ஈரச் சாக்குபோலக் குளிர்ந்திருந்தது. இந்த இடம் மட்டும், அசைபோட்டுப் படுத்திருக்கும் பசுவின் விலாப்புறம்போல, லேசான சூடாக இருந்தது. வளையிலிருந்து ஒரு வாடை வந்தது. சேற்று வாடை இல்லை. சுருட்டி மறந்துபோன ஈர வேட்டியின் வாடை. தண்ணீரில் வெகுநேரம் ஊறி வெளுத்த தோலின் வாடை.

“எலி இருக்கும் மேடம்,” என்றான் அன்பரசன். ஆனால் அவன் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. சரிவின் மேலேயே நின்றுகொண்டிருந்தான்.

கரைமேல் ஏறி உள்பக்கம் பார்த்தாள். குளம் தளும்பி நின்றது. படகுத்துறையில் கட்டிப்போட்ட அன்னப்பறவைகள் பெயின்ட் உரிந்த கழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, கூட்டமாக ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவைபோல எல்லாம் ஒரே திசையில் முகம் திருப்பி இருந்தன. வளைக்கு நேர் எதிரே, உள்சரிவில், தண்ணீர் விளிம்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வார் அறுந்ததில் ஊக்கு குத்தியிருந்தது. புல் அதன் ஓட்டைகள் வழியாக முளைத்து மேலே வந்திருந்தது. யாரோ கழற்றி, ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கியதுபோல.

“யாரோட செருப்பு?”

“தங்கையன்னு ஒருத்தன் இருந்தான். படகு தள்ளுறவன். போன கார்த்திகையில கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டான்.”

“செருப்பு இல்லாமலா?”

“அங்க போயி புதுசு வாங்கியிருப்பான்,” என்று அன்பரசன் படகுகளைப் பார்த்துச் சொன்னான்.

ஷோபனா பையிலிருந்து பதரை எடுத்தாள். நெல் தூற்றும்போது பறக்கும் வெற்றுப் பதர். கரை எங்கே தண்ணீரைக் குடிக்கிறது என்று தெரிய, குளத்தின்மேல் அதைத் தூவிப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஓட்டை இருந்தால் பதர் அங்கே கூடி, சுழன்று, உள்ளே போய்விடும். அள்ளித் தூவினாள். பொன்னிறமாகப் பரவிய பதர் கொஞ்ச நேரம் சும்மா மிதந்தது. பிறகு மெதுவாக, எல்லாப் பக்கத்திலிருந்தும், செருப்புக்கு நேரே கூட ஆரம்பித்தது. கூடி ஒரு வட்டமாகிச் சுழன்றது. ஆனால் உள்ளே போகவில்லை. நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் தொடாமல், அதைச் சுற்றியே நின்றுவிட்டது. ஒரு தலை தண்ணீருக்கு மேலே இருந்தால் பதர் எப்படி அதைச் சுற்றி நிற்குமோ, அப்படி.

அங்கே தலை எதுவும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

அன்பரசன் போன் வந்ததென்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போய்விட்டான். போன் அடித்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

பஜ்ஜிக் கடையின் பின்புறம் ஒரு பெண் எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கையனைத் தெரியுமா என்று ஷோபனா கேட்டதும் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரர்தான். என் பேரு அம்சம்.”

“கேரளாவுல இருக்கார்னு சொன்னாங்க.”

“சொல்வாங்க. இந்த அன்பரசன் வாயில கேரளாவும் பக்கத்துலதான், சாமியும் பக்கத்துலதான்.”

“அப்ப எங்க இருக்காருக்கா?”

அம்சம் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “நீங்க வந்து குச்சி நட்டுட்டுப் போனீங்கல்ல, அதுக்கப்புறம் விடாம மழை. ஒருநாள் அந்த ஓட்டையில தண்ணி குழாய் மாதிரி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. ஆம்பளைங்க எல்லாம் ஓடியாந்தாங்க. இவரு உள்பக்கம் இறங்கிட்டாரு. காலால தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபுடிச்சு, அதுலயே காலை வச்சு அடைச்சுக்கிட்டு நிக்கணும். மத்தவங்க மணல் மூட்டை கொண்டாரணும். கால் வச்சவன், இன்னொருத்தன் வந்து கால் மாத்துற வரைக்கும் எடுக்கக் கூடாது. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். எடுத்தான்னா கரையே வந்துடும்.”

“மூட்டை கொண்டாந்தாங்களா?”

“கொண்டாரத்தான் போனாங்க. திரும்பி வந்து பாத்தா கசிவு நின்னு போச்சு. தண்ணிக்குள்ள ஆளும் இல்ல. அடைச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்னு சொல்லிக்கிட்டு ஆளாளுக்குக் கலைஞ்சு போயிட்டாங்க. வீட்ல நான் சோத்தைப் போட்டு மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“போலீஸ்ல சொல்லலையா?”

“சொன்னா தோண்டுவாங்க.” அம்சம் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். “தோண்டுனா அந்தத் தண்ணி எங்க மேடம் போகும்?”

கீழே, தெருவின் கொடியில் இரண்டு சின்னச் சீருடைகள் அசையாமல் தொங்கின.

“அவரு எடுக்க மாட்டாரு,” என்றாள் அம்சம், கணவன் வெற்றிலை போடமாட்டான் என்று சொல்வதைப்போல. “எங்க தெரு கீழ இருக்குல்ல.”

அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஷோபனா போன பிறகும் புதுத்தெரு அங்கேதான் இருக்கும். ராம்கிக்குப் போன் போட்டு, இன்றே மதகைத் திறந்து குளத்தை இறக்க வேண்டும் என்றாள்.

“மேடம், தீபாவளிக்குத் தோரணமெல்லாம் கட்டியாச்சு. தண்ணி பேசாம நிக்குது. நிக்கிற தண்ணியைப் பாத்துப் பயந்தா எப்படி?”

“நிக்கிறதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்துவிட்டாள். மழை தொடங்கியது. முதலில் தகரக் கொட்டகைமேல் யாரோ அரிசி இறைப்பதுபோல. பிறகு மூட்டையையே அவிழ்த்துக் கொட்டுவதுபோல. அன்பரசன் முனகிக்கொண்டே மதகுக்குப் போய்த் திருகைச் சுற்றினான். பலகை ஒரு சாண் ஏறி, துரு கடித்து நின்றது. இன்னும் பலமாகச் சுற்றியதில் திருகு மளுக்கென்று முறிந்தது. ஒரு சாண் இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர் வடிகாலுக்குப் போயிற்று. வானத்திலிருந்து வருவது அதைவிட அதிகமாக இருந்தது.

இருவரும் வளைக்கு முன்னால் வந்து நின்றார்கள். பொழுது சாயும் நேரம். மேகத்தால் வெளிச்சம் முன்பே போய்விட்டது. அவ்வளவு மழையிலும் அந்த இடம் உலர்ந்தே இருந்தது. மழைத்துளிகள் அதன்மேல் விழுந்தவுடன் மறைந்தன, சூடான கல்லில் விழுவதுபோல. இலை உள்ளே போயிற்று. வெளியே வந்தது. முன்பைவிட வேகமாக.

“திருகைச் சரிபண்ண லேத்துப் பட்டறைக்குப் போயி ஆளைக் கூட்டிக்கிட்டு வரேன் மேடம். நீங்களும் வந்துடுங்க. இங்க நிக்காதீங்க.”

“இல்ல. யாராவது ஒருத்தர் கரையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஏதாவது ஆச்சுன்னா தெருவுல சத்தம் போடணும்.” மழைச் சத்தத்துக்கு மேல் கேட்பதற்காக அவள் குரலை உயர்த்தினாள். “நீங்க போயி ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே நிக்கிறேன்.”

அவனுடைய பைக்கின் சத்தம் சாலைப்பக்கம் தேய்ந்து போயிற்று.

இலை நின்றுவிட்டது.

அவள் அதையே பார்த்தாள். வளையின் வாயில், பாதி உள்ளே பாதி வெளியே, அசையாமல். பெருமழையின் இரைச்சலுக்கு நடுவில், தன் பாதங்களுக்குக் கீழே ஏதோ ஒன்று கவனித்துக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். வெகுகாலமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த ஒருவர், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாரே, அதைப்போல. தான் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் அவளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. ஆளை. கூட்டிக்கிட்டு. வாங்க.

அதுவரைக்கும் நான்.

வளைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நீளமானது. சுமையை இறக்கி வைக்கிறவர் விடுவது. சூடான காற்று அவள் கணுக்காலில் பட்டது. இலை தள்ளப்பட்டு வெளியே விழுந்தது.

அதன் பின்னால் தண்ணீர் வந்தது.

ஒரு கீற்று. தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாக இருந்தால் பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செல்போனின் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தாள். கீற்று விரல் கனமாயிற்று. விரல் கனம் கட்டைவிரல் கனமாயிற்று. நிறம் மாறியது. தேநீர்போல. பிறகு பால் குறைந்த காப்பிபோல.

கலங்கல்.

போன வருஷத்து மணல் மூட்டைகள் கரையோரம் கிடந்தன. ஒன்றை இழுத்தாள். மக்கிப்போயிருந்த சாக்கு கையோடு கிழிந்து வந்தது. இன்னொன்று. அதுவும். தெருப்பக்கம் திரும்பிக் கத்தினாள். மழை அவள் குரலை வாய்க்கு வெளியிலேயே அமுக்கிவிட்டது. கீழே வீடுகளில் விளக்கு எரிந்தது. யாரோ டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சன்னலில் நீல வெளிச்சம் மினுங்கியது.

மண் எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும். விரலை விரித்துத் தண்ணீருக்குள் வைத்தால் விரலிடுக்கில் மணல் சொல்லிவிடும். எத்தனையோ கரைகளில் செய்ததுதான். மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டாள்.

மணிக்கட்டுவரை. மணல், நிறைய மணல்.

முழங்கைவரை.

விரல் நுனியில் ஏதோ தட்டியது. கல். இல்லை. கல் இவ்வளவு மெத்தென்று இருக்காது. அதில் கீறல்கள் இருந்தன, வரப்பு வெயிலில் வெடிப்பதுபோல, ஆழமான, சொரசொரப்பான கீறல்கள். இந்தக் கீறல்களை அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கு இருந்தது. வயலில் நிற்கிற எல்லாருக்கும் இருப்பது.

பித்தவெடிப்பு.

குதிகால்.

கையை இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. விரல்கள் அவளைக் கேட்காமலே மேலே நகர்ந்தன. பாதத்தின் குழிவு. அதற்கு மேலே மேடு. வெதுவெதுப்பு. வரிசையாக, சின்னது சின்னதாக, விரல்கள்.

அவை மடங்கின.

மடங்கி அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டன. பலமாக இல்லை. பச்சைக்குழந்தை பிடிப்பதுபோல. வந்திருப்பது யார் என்று தடவிப் பார்ப்பதுபோல. பிடித்தவுடன் தண்ணீர் கொஞ்சம் குறைந்தது. கரை முழுவதும், இந்த மூலையிலிருந்து மதகுவரை, லேசாக நடுங்கியது. களைத்துப்போன தொடையில் ஓடும் நடுக்கம்.

சரிவின் மேலே வெளிச்சம் தெரிந்தது.

அம்சம் இறங்கி வந்தாள். உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாள். ஒரு கையில் டார்ச்சும் தூக்குவாளியும். வாளி மூடியின் ஓரத்திலிருந்து சுடு சோற்றின் ஆவி மழையில் கலந்தது. இன்னொரு கையில், புல் வேரோடு பிடுங்கி வந்த அந்த ரப்பர் செருப்புகள். அவசரமே இல்லாமல் வந்து, ஷோபனாவின் பக்கத்தில் குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். இரண்டையும் சேர்த்து வளைக்கு முன்னால் வைத்தாள். வெளியே வருகிறவர் அப்படியே கால் நுழைத்துக்கொள்ளும்படி, வீட்டைப் பார்த்த மாதிரி.

“அக்கா, ஓடுங்க. தெருவுல எல்லாரையும் எழுப்புங்க. பிள்ளைங்களைத் தூக்குங்க.”

அம்சம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வெட்கம்போல ஒன்று இருந்தது.

உள்ளே, ஷோபனாவின் சுட்டுவிரலிலிருந்து, பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

“நிக்கிறேன்னு நீங்க சொன்னதை அவரு கேட்டுட்டாரு மேடம்,” என்றாள் அம்சம் மெதுவாக. தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். “கொஞ்ச நேரம் நீங்க காலை வைங்க. அவரு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”